முதல் டிரம்ஸ் பதிவு காதைக் குத்துகிறதா? குறையைப் பார்த்து காரணத்தைப் பிடிக்கும் வழி

வாசிக்கும்போது பிரமாதமாக இருந்தது. போனில் போட்டுக் கேட்டால் யாரோ மாடிப்படியில் பாத்திரம் உருட்டுவது போல் இருக்கிறது. முதல் பதிவைக் கேட்ட கையோடு புது ஸ்னேருக்கும் சிம்பலுக்கும் விலை விசாரிக்கக் கிளம்பிவிடாதீர்கள். முதல் பதிவில் தெரியும் குறைகள் பெரும்பாலும் செலவே இல்லாமல் தீர்பவை. மீதியில் பலவற்றுக்கு ஒரு டிரம் கீயும் (டிரம்மின் போல்ட்டைத் திருகும் சாவி) பத்து நிமிடமும் போதும்.

ஐந்து டிரம் கொண்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட், ஒரு போன், ஒரு பாட்டு என்று வைத்துக்கொண்டு எழுதியிருக்கிறோம். உங்கள் பதிவில் எது உறுத்துகிறதோ நேராக அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஒவ்வொன்றிலும் சும்மா சரியாகும் காரணம் முதலில், பணம் கேட்கும் காரணம் கடைசியில்.

## எதற்கும் முன்: தப்பு போன் மேலா, கிட் மேலா, கை மேலா?

மூன்று சின்னப் பதிவுகள் எடுங்கள்.

1. ஒவ்வொரு டிரம்மையும் சிம்பலையும் தனியாக நான்கு முறை, இடையில் மூன்று வினாடி விட்டு அடியுங்கள். இதில் கேட்கும் குறை கிட்டுடையது அல்லது போனுடையது.
2. அதே பாட்டின் எட்டு பார் (பார் என்பது ஒரு தாளச் சுற்று) பீட்டைப் பிராக்டிஸ் பேடிலோ தலையணை மேலோ ஸ்டிக்கால் வாசித்துப் பதியுங்கள். இதிலும் டைம் ஆடினால் கிட்டைக் குறை சொல்ல வழியில்லை.
3. முடிந்தால் வேறொருவரை அதே கிட்டில், போன் அதே இடத்தில் இருக்க, எட்டு பார் வாசிக்கச் சொல்லுங்கள்.

கேட்பது வயர் உள்ள ஹெட்போனில்தான். போன் ஸ்பீக்கரில் கேட்டு முடிவு செய்தால் பாதித் தீர்ப்பு தப்பாகும்.

கணினியில் ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளைப் போட்டுக்கொள்ளுங்கள். போன் வீடியோவை அது நேரடியாகத் திறக்காவிட்டால் ஆடியோவை மட்டும் வேவ் கோப்பாக மாற்றிக் கொடுங்கள். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதில் பார்ப்பவை.

## குறை 1: கரகரவென்று உடைந்து கேட்கிறது

போன் பக்கத்தில் இருக்கிறது. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சிகள் கூர்மையாக இல்லாமல் கத்தியால் சீவியது போல் தட்டையாக இருந்தால் மைக் தாங்க முடியாத சத்தத்தை வாங்கியிருக்கிறது. ஆடாசிட்டியின் வியூ மெனுவில் கிளிப்பிங்கைக் காட்டும் வசதியை இயக்கினால் அந்த இடங்கள் சிவப்புக் கோடாகத் தெரியும். சீவுபட்டது சீவுபட்டதுதான், திரும்பப் பதிய வேண்டியதே. போனைக் குறைந்தது 3 மீட்டர் தள்ளுங்கள். 10க்கு 10 அடி அறையில் அவ்வளவு இடம் இல்லையென்றால் கதவைத் திறந்து வைத்து, போனை வாசலுக்கு வெளியே ஒரு நாற்காலியில் நிறுத்துங்கள். அசட்டுத்தனமாகத் தோன்றும், ஆனால் சின்ன அறைக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது.

போன் தானாகவே ஒலியளவைக் கூட்டிக் குறைக்கிறது. அடையாளம் சுலபம்: கிராஷ் சிம்பலை அடித்ததும் மற்றதெல்லாம் ஒரு கணம் அமுங்கி, பிறகு மெல்ல மேலே எழும்பும். இதைக் கேட்டு "என் கை சமமாக இல்லை" என்று வருந்துகிறவர்கள் நிறைய. கை பேரில் தவறில்லை. ஒலியளவைக் கையால் நிறுத்தி வைக்க விடும் பதிவு ஆப்பையோ, சில போன்களின் ப்ரோ வீடியோ மோடையோ பயன்படுத்துங்கள். மீட்டர் உச்ச அடியிலும் மைனஸ் 6 டெசிபல் பக்கத்திலேயே நின்றுவிடட்டும்.

எவ்வளவு தள்ளியும் கரகரக்கிறது. பேச்சைப் பதிந்து பாருங்கள். அதுவும் கரகரத்தால் மைக் ஓட்டையில் அழுக்கு, அல்லது மைக் போய்விட்டது. ஊசி விட்டுக் குத்தாமல் போன் ரிப்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள்.

## குறை 2: கிக் இருக்கிறதா என்றே தெரியவில்லை

முதலில் ஹெட்போன். காலால் அடிக்கும் பெரிய டிரம்மான கிக்கின் அடிச்சத்தம் 60 ஹெர்ட்ஸ் பக்கத்தில் இருக்கிறது, போன் ஸ்பீக்கரால் அதை எழுப்பவே முடியாது. ஹெட்போனில் கேட்டால் வேலை முடிந்தது, அடுத்த தலைப்புக்குப் போகலாம்.

ஹெட்போனிலும் இல்லையென்றால் போனை இறக்குங்கள். கிட்டுக்கு முன்னால், முழங்கால் உயரத்தில் வைத்து ஒருமுறை, சுவரோரமாகத் தரைக்குப் பக்கத்தில் வைத்து ஒருமுறை பதியுங்கள். கீழ்ஸ்தாயி சுவர் ஓரத்திலும் மூலையிலும் சேர்ந்து கனக்கும். டிரம்மருக்குப் பின்னால் அலமாரி மேல் வைத்தால் சிம்பல்தான் கிடைக்கும்.

அடுத்து உள்ளே எட்டிப் பாருங்கள். கிக்குக்குள் இரண்டு மூன்று தலையணை திணித்து வைத்திருந்தால் அது டிரம் அல்ல, மெத்தை. ஒரே ஒரு மெல்லிய தலையணை, இரண்டு ஸ்கின்னையும் தொட்டும் தொடாமலும் போதும். அடிக்கும் பக்க ஸ்கின்னை எல்லாப் போல்ட்டும் விரலால் இறுகும் வரை திருகி, பிறகு டிரம் கீயால் எதிரெதிராகக் கால் சுற்று, கால் சுற்றாக ஏற்றுங்கள். சுருக்கம் மறைந்ததும் நிறுத்துங்கள்.

பீட்டர் (பெடலில் இருந்து கிக்கை அடிக்கும் சுத்தி) ஸ்கின்னின் நடுவில் விழுகிறதா, பெடலின் பிடி கிக் வளையத்தில் இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். பிடி தளர்ந்த பெடல் பாட்டு நடுவில் நகர்ந்து போகும், அப்போது கிக் பாட்டின் முதல் பாதியில் கேட்டு இரண்டாம் பாதியில் காணாமல் போகும்.

எல்லாம் சரி, தனியடியில் நன்றாகக் கேட்கிறது, பாட்டில் மட்டும் இல்லை என்றால் காரணம் கால். ஸ்டூல் உயரத்தைச் சரிபாருங்கள்: இடுப்பு முழங்காலைவிடச் சற்றே உயரமாக இருக்க வேண்டும். தாழ உட்கார்ந்தால் தொடையைத் தூக்கவே பலம் போய்விடும்.

## குறை 3: சிம்பல் இரைச்சலில் எல்லாம் மூழ்கிவிட்டது

ஹை-ஹாட்டை ஸ்டிக்கின் எந்தப் பகுதியால் அடிக்கிறீர்கள் என்று வீடியோவில் பாருங்கள். ஸ்டிக்கின் தோள் (நுனிக்குக் கீழே தடிக்கும் பகுதி) சிம்பல் விளிம்பில் விழுந்தால் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கும். நுனியால் மேற்பரப்பில் அடித்தால் அமைதியாகும். இடது கால் அறியாமல் லேசாகத் தூக்கிக்கொண்டு ஹாட் அரைகுறையாகத் திறந்து சலசலப்பதும் புதியவர்களிடம் சகஜம். அது பெரும்பாலும் கிக் மிதிக்கும் அதே கணத்தில் நடக்கும்.

பிறகு அறை. நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். "டிர்ர்" என்று சிணுங்கல் திரும்பி வந்தால் டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உங்களோடு சேர்ந்து வாசிக்கின்றன. கிட்டுக்குக் கீழே கனமான ஜமுக்காளம், பின்சுவரில் இரண்டு கம்பளி, மூலையில் சாய்த்த ஒரு மெத்தை. இவ்வளவு செய்துவிட்டு மறுபடி பதிந்து ஒப்பிடுங்கள். வித்தியாசம் கேட்காவிட்டால் மட்டும் மேலே படியுங்கள்.

சிம்பல் தனியடியிலேயே தட்டைத் தட்டுவது போல் "டங்" என்று நின்றுவிட்டால் மேலுள்ள விங் நட்டைத் தளர்த்துங்கள். சிம்பல் கையால் ஆட்டினால் தாராளமாக ஊஞ்சலாட வேண்டும். அப்படியும் "டங்" என்றால் விளிம்பை விரல் நகத்தால் முழுச் சுற்றும் தடவிப் பாருங்கள், நடு ஓட்டையையும் பாருங்கள். நகம் மாட்டினால் விரிசல். பிளாஸ்டிக் குழாய் இல்லாமல் கம்பியோடு உரசிய சிம்பலில் ஓட்டை சாவித் துவாரம் போல நீண்டிருக்கும். விரிசலுக்கு நம்பகமான வைத்தியம் இல்லை. ஒட்டவும் முடியாது, வெல்டிங் வைத்தால் ஓசையே செத்துவிடும். மாற்றத்தான் வேண்டும்.

## குறை 4: வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை

கருத்துக் கேட்டு அனுப்பப்படும் முதல் பதிவுகளில் அநேகமாக எல்லாவற்றிலும் இது உண்டு. ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். "டைம் ஓடுது" என்று மட்டும் தெரிந்தால் சரி செய்ய முடியாது. எங்கே ஓடுகிறது என்று தெரிய வேண்டும்.

4/4 பாட்டில் எட்டு பார் என்றால் 32 அடி. ஆடாசிட்டியில் ஒரு பாரின் முதல் அடியிலிருந்து எட்டு பார் தள்ளி வரும் முதல் அடி வரை தேர்ந்தெடுத்து, நீளத்தை வினாடியில் படியுங்கள். 1920ஐ அந்த வினாடியால் வகுத்தால் அந்த இடத்தின் பிபிஎம், அதாவது நிமிடத்துக்கு எத்தனை தாள அடி என்ற வேகம். ஒரே ஒரு பாருக்கு 240ஐ வகுக்க வேண்டும். பாட்டு முழுக்க இப்படி எட்டெட்டு பாராக ஒரு தாளில் எழுதுங்கள்.

உதாரணமாக 80ல் தொடங்கிய பாட்டு:

- முதல் 8 பார்: 24.0 வினாடி, அதாவது 80
- அடுத்த 8 பார்: 23.4 வினாடி, அதாவது 82
- ரோலுக்கு (பீட்டை விட்டு டிரம்களில் உருட்டி அடிக்கும் இடம்) பின் வரும் 8 பார்: 22.6 வினாடி, அதாவது 85

ஒன்று இரண்டு பிபிஎம் ஏறி இறங்குவதைக் குறை என்று எண்ணாதீர்கள். கிளிக் (மெட்ரோனோமின் தாளத் தட்டல்) இல்லாமல் ஆட்கள் சேர்ந்து வாசித்தால் அவ்வளவு இருக்கும். மேலே உள்ளதுபோல் ஏறியது இறங்காமல் ஏறிக்கொண்டே போனால்தான் வேலை இருக்கிறது. தாளில் உள்ள எண்களைப் பார்த்து கீழே உங்கள் கிளையைத் தேர்ந்தெடுங்கள்.

### ரோல் வரும் பாரில் மட்டும் ஓடினால்

அந்த ஒரு பாரைப் பெரிதாக்குங்கள். 80 பிபிஎம்மில் ஒரு பார் சரியாக 3 வினாடி. பதினாறு அடி ரோல் என்றால் அடிக்கு அடி 187 மில்லி வினாடி இடைவெளி. இப்போது உச்சிகளை எண்ணுங்கள்.

பதினாறும் இருக்கிறது, பார் மட்டும் 2.8 வினாடியில் முடிகிறது என்றால் கை ஓடுகிறது. எங்கே என்றும் தெரியும்: ஸ்னேரில் உள்ள நான்கு ஒழுங்காக இருக்கும், டாமுக்குத் தாவும் இடத்தில் இடைவெளி சுருங்கும், ஃப்ளோர் டாமின் கடைசி நான்கும் உருண்டு விழும். கிராஷைத் தவறவிட்டுவிடுவோமோ என்ற பயம் கையில் இறங்குவதுதான் காரணம். பதினாறுக்குப் பதில் பதினான்கோ பதினைந்தோதான் இருக்கிறது என்றால் கை ஓடவில்லை, எண்ணிக்கை விட்டுப்போயிருக்கிறது.

இரண்டுக்கும் மருந்து ஒன்றுதான்: வாயால் சொல்லிக்கொண்டே அடிப்பது. "தகதிமி தகதிமி தகதிமி தகஜுணு" என்று சத்தமாக, ஒவ்வொரு சொற்கட்டும் ஒரு டிரம்முக்கு. கூடவே இடது காலால் ஹை-ஹாட் பெடலை ஒவ்வொரு "த"விலும் மிதியுங்கள். 60 பிபிஎம்மில் மூன்று பார் பீட், ஒரு பார் ரோல் என்று பத்து முறை. பத்தும் அடுத்த பாரின் முதல் அடியில் சரியாக வந்து விழுந்தால் 4 பிபிஎம் ஏற்றுங்கள். இரண்டு தவறினால் 4 இறக்குங்கள்.

நிகழ்ச்சி நாளைக்கே என்றால் ரோலைச் சுருக்குங்கள். நாலு அடி ரோல் போதும். எத்தனை அடி அடித்தீர்கள் என்று கேட்பவர் எண்ணுவதில்லை, கிராஷ் முந்தி விழுந்தால் மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

### பல்லவி வந்ததும் ஏறி, சரணத்தில் இறங்கினால்

சத்தம் கூடும்போது வேகமும் கூடுகிறது. கிளிக்கோடு எட்டு பார் மெதுவான சத்தத்தில், எட்டு பார் முழுச் சத்தத்தில், மாற்றி மாற்றி ஐந்து நிமிடம் வாசியுங்கள். சத்தத்தைக் கையின் வேகத்தால் கூட்டாமல் ஸ்டிக்கைத் தூக்கும் உயரத்தால் கூட்டப் பழகுங்கள்.

### போகப் போக இழுத்தால்

எப்போதும் ஒரே பாரில் இழுத்தால் அந்தப் பாரின் கிக் பேட்டர்ன் இன்னும் காலுக்குப் படியவில்லை. அதை மட்டும் வெட்டி எடுத்து 20 பிபிஎம் குறைத்து வாசியுங்கள். கடைசி நிமிடத்தில் பொதுவாகவே இழுத்தால் கை களைத்திருக்கிறது. ஒரே கையில் பதினாறாம் அடி (பாருக்குப் பதினாறு அடி) ஹை-ஹாட் வாசிக்கும் பாட்டுகளில் இது வழக்கம். ஸ்டிக்கை இறுக்கிப் பிடிப்பதைத் தளர்த்துங்கள், பாட்டு அனுமதித்தால் இரண்டு கையாலும் ஹாட் வாசியுங்கள்.

### ஒழுங்கே இல்லாமல் ஏறி இறங்கினால்

காலப்பிரமாணம் உள்ளே இன்னும் உட்காரவில்லை. மெட்ரோனோம் ஆப்பில் இரண்டு பார் கிளிக், இரண்டு பார் மௌனம் என்று வையுங்கள். கிளிக் திரும்பும்போது நீங்கள் முன்னால் இருந்தால் ஓட்டம், பின்னால் இருந்தால் இழுப்பு. தினம் 15 நிமிடம் போதும். நான்கு வாரம் ஒழுங்காகச் செய்தும் இரண்டு பார் மௌனத்தைத் தாண்ட முடியாவிட்டால் ஆசிரியர் ஒருவர் எதிரே உட்கார்ந்து பார்க்க வேண்டும். தனியாக இன்னும் நான்கு வாரம் ஓட்டுவதில் பயனில்லை.

## குறை 5: வேகம் சரி, ஆனால் பாட்டோடு ஒட்டவில்லை

எல்லா அடியும் ஒரே அளவு தள்ளி விழுகிறதா, கண்டபடி தள்ளி விழுகிறதா? இந்த ஒரு கேள்வியில் விடை இருக்கிறது. கண்டபடி என்றால் குறை 4க்குத் திரும்புங்கள்.

ஒரே அளவு என்றால் சந்தேகம் முதலில் புளூடூத் மேல். புளூடூத் ஹெட்போனில் பாட்டு சாதாரணமாக 100 முதல் 250 மில்லி வினாடி தாமதித்து வரும். 100 பிபிஎம்மில் பதினாறாம் அடி ஒன்றின் நீளமே 150 மில்லி வினாடி. அதாவது நீங்கள் கச்சிதமாக வாசித்தும், பதிவில் ஒரு முழு அடி பிந்தியிருப்பீர்கள். வயர் ஹெட்போனுக்கு மாறினால் அன்றைக்கே தீரும். போன் 3 மீட்டர் தள்ளி இருப்பதால்தான் தாமதம் என்று சிலர் சொல்வார்கள். ஒலி அந்தத் தூரத்தைக் கடக்க 9 மில்லி வினாடிகூட ஆகாது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

பாட்டையும் டிரம்ஸையும் பிறகு சேர்ப்பதாக இருந்தால் தொடக்கத்தில் ஸ்டிக்கோடு ஸ்டிக் தட்டி நான்கு எண்ணுங்கள். அந்த நான்கு உச்சிகளையும் கிளிக்கின் நான்கோடு பொருத்தினால் மீதியெல்லாம் தானே பொருந்தும்.

கிளிக் கேட்கவில்லை என்று ஒலியை ஏற்றிக்கொண்டே போகாதீர்கள். வெளிச்சத்தத்தை மறைக்கும், காதை மூடும் வகை ஹெட்போன் வாங்குங்கள். இந்தப் பட்டியலில் உடனே காசு செலவழிக்கத் தகுந்த பொருள் அது ஒன்றுதான். 100 டெசிபல் சத்தத்தில் பாதுகாப்பாக இருக்கக்கூடிய நேரம் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்பது அமெரிக்கத் தொழில்நலக் கழகமான நியோஷின் அளவுகோல். டிரம்ஸ் அந்தச் சத்தத்தைச் சுலபமாகத் தொடும். வாசித்து முடித்த மறுநாளும் காதில் ரீங்காரம் நின்றால் காது மூக்குத் தொண்டை மருத்துவரைப் பாருங்கள்.

## குறை 6: 6/8 பாட்டு நொண்டுகிறது

நம் சினிமாப் பாட்டுகளில் சிக்ஸ் எய்ட் ஏராளம், புதியவர்கள் சறுக்குவதும் அங்கேதான். ஒரு பாரை அளந்து பாருங்கள். பார் 2.0 வினாடி என்றால் நான்காம் எண்ணில் விழும் ஸ்னேர் சரியாக 1.0 வினாடியில் நிற்க வேண்டும். 0.94ல் இருந்தால் முதல் "தகிட" சுருங்கி இரண்டாவது இழுபடுகிறது. நொண்டல் அதுதான்.

கிளிக்கை ஆறுக்கும் வைக்காமல் ஒன்றுக்கும் நான்குக்கும் மட்டும் வையுங்கள். ஹை-ஹாட்டில் ஆறையும் ஒரே பலத்தில் அடிக்காமல் "த"வை மட்டும் அழுத்தி, "கிட"வை விரலால் தொட்டுவிடுங்கள். நொண்டல் போய் ஆட்டம் வரும்.

## குறை 7: கிக்கும் ஹை-ஹாட்டும் சேர்ந்து விழவில்லை

சேர வேண்டிய இரண்டு அடிகளுக்குள் சுமார் 30 மில்லி வினாடி இடைவெளி விழுந்தால் காது அதை "ட-டக்" என்று பிரித்துவிடும். யார் முந்துகிறார் என்று பார்க்க போனின் ஸ்லோ-மோஷனில் 240 ஃபிரேமில் எடுங்கள். ஒரு ஃபிரேம் சுமார் 4 மில்லி வினாடி. சாதாரண 30 ஃபிரேம் வீடியோவில் ஒரு ஃபிரேமே 33 மில்லி வினாடி என்பதால் அதில் இந்தக் குறை தெரியவே தெரியாது.

கால் பிந்தினால் பாதம் பெடலை விட்டு அதிகம் மேலே எழும்புகிறது, அல்லது ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறது. கை பிந்தினால் ஸ்டிக்கைத் தேவைக்கு மேல் ஓங்குகிறீர்கள். 50 பிபிஎம்மில் கிக்கும் ஹாட்டும் மட்டும் வைத்து, இரண்டு சத்தமும் ஒரே சத்தமாகக் கலக்கும் வரை வாசியுங்கள். அலுப்பான வேலை. குறுக்குவழி இல்லை.

## குறை 8: ஒரு கிக்குக்கு இரண்டு சத்தம்

பீட்டர் ஸ்கின்னில் பட்டு, துள்ளி, மறுபடி படுகிறது. பீட்டரை ஸ்கின்னில் அழுத்தி வைக்கப் பார்த்து, பாதி வழியில் கால் தளர்ந்தால் இப்படி ஆகும். ஒன்று அடித்தவுடன் விட்டுவிடுங்கள், அல்லது முழுதாக அழுத்துங்கள். அடுத்து ஸ்பிரிங்கை இரண்டு சுற்று இறுக்கிப் பாருங்கள். அதன்பின் கிக் ஸ்கின்னைச் சற்றுத் தளர்த்துங்கள், துள்ளல் குறையும். செயின் அல்லது பட்டை, அது சுற்றி ஓடும் சக்கரமான கேமில் இருந்து விலகியிருந்தாலும் இதே குறைதான். அச்சு தேய்ந்து பீட்டர் பக்கவாட்டில் ஆடினால் பெடல் ரிப்பேர்காரரிடம் போக வேண்டியதே.

## குறை 9: ஸ்னேர் அடிக்கு அடி வேறு குரலில் பேசுகிறது

அடிக்கும் இடம் மாறுகிறது. ஸ்கின்னில் நடுவே சாக்பீஸால் 5 சென்டிமீட்டர் வட்டம் போட்டு ஒரு பாட்டு வாசியுங்கள். முடிந்ததும் ஸ்டிக் தடம் வட்டத்துக்கு வெளியே சிதறியிருந்தால் ட்யூனிங்கைத் தொடவே வேண்டாம்.

சில அடி மட்டும் "பளார்" என்று தெறிக்கிறது. ஸ்டிக் வளையத்தையும் சேர்த்து அடிக்கிறது. ரிம்ஷாட் வேண்டுமென்றே வந்தால் அழகு, தற்செயலாக வந்தால் பிழை. ஸ்னேரை இரண்டு விரற்கடை இறக்குங்கள்.

ஸ்டிக் ஜோடி பொருந்தவில்லை. இரண்டையும் மேசையில் உருட்டுங்கள், வளைந்தது தள்ளாடும். பிறகு ஒவ்வொன்றாக மேசை விளிம்பில் தட்டிக் கேளுங்கள். ஒன்று "டிங்", மற்றது "டொங்" என்றால் எடை வேறு, இடது வலது சத்தமும் வேறாகத்தான் இருக்கும். தொடக்கத்துக்கு 5ஏ அளவு ஸ்டிக் போதும்.

ட்யூனிங் கோணல். ஒவ்வொரு போல்ட்டுக்கும் எதிரே, விளிம்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் உள்ளே தள்ளி மெல்லத் தட்டுங்கள். தாழ்ந்து கேட்கும் போல்ட்டைக் கால் சுற்று ஏற்றுங்கள், எப்போதும் எதிரெதிராக. அடிப்பக்க ஸ்கின் காகிதம் போல் மெல்லியது, அதில் விரலை ஊன்றாதீர்கள்.

டாம் அடித்தாலும் ஸ்னேர் கம்பி இரைகிறது. கொஞ்சம் இரையத்தான் செய்யும், அது அக்கூஸ்டிக் கிட்டின் சுபாவம். அளவு மீறினால் அந்த டாமை அரைச் சுற்று ஏற்றியோ இறக்கியோ ஸ்னேரின் சுருதியிலிருந்து விலக்குங்கள். கம்பியை ஒரேயடியாக இறுக்குவது தவறான மருந்து: இரைச்சலோடு ஸ்னேரின் குரலும் அடைத்துவிடும். கம்பிகளில் ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அவற்றை மட்டும் இரு முனையிலும் வெட்டி எடுத்துவிடலாம்.

"டொய்ங்" என்று நீள்கிறது. ஸ்கின் விளிம்பில் டிஷ்யூ காகிதத்தை மடித்து ஒரு துண்டு டேப்பால் ஒட்டுங்கள். ஒரு துண்டு போதும். முழு ஸ்கின்னுக்கும் பேன்டேஜ் போட்டுவிடாதீர்கள்.

இத்தனைக்கும் பின் சுருதி நிற்காவிட்டால் நடுவில் குழி விழுந்த பழைய ஸ்கின்னை மாற்றுங்கள். புது ஸ்கின்னிலும் ஒரே போல்ட் திரும்பத் திரும்பத் தளர்ந்தாலோ, வளையத்தைச் சமதரையில் வைத்தால் தள்ளாடினாலோ வளையம் கோணிவிட்டது. அதற்கு ரிப்பேர்காரர்தான்.

## குறை 10: தப்பே இல்லை, ஆனால் உயிரும் இல்லை

அலைவடிவத்தை முழுப் பாட்டுக்கும் சுருக்கிப் பாருங்கள். ஆரம்பம் முதல் முடிவு வரை செங்கல் சுவர் போல் ஒரே உயரமா? போனின் தானியங்கி ஒலியளவு இல்லை என்று குறை 1ல் உறுதி செய்துகொண்டீர்கள் என்றால் இது கைதான்.

ஸ்னேரில் இரண்டு உயரம் பழகுங்கள்: அழுத்த வேண்டிய அடி 25 சென்டிமீட்டரிலிருந்து, நடுவே முணுமுணுக்கும் அடி 3 சென்டிமீட்டரிலிருந்து. கண்ணாடி எதிரே வைத்துச் செய்தால் கை ஏமாற்றாது. பாட்டிலும் இடம் பிரியுங்கள்: சரணத்தில் மூடிய ஹாட், இடையிசையில் ரைடு சிம்பல், பல்லவியில் சற்றுத் திறந்த ஹாட். கிராஷ் நான்கு பாருக்கு ஒருமுறைக்கு மேல் விழுந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள்.

## குறை 11: கீச், கிரீச்

அமைதியான இடத்தில் கிக்குக்குக் கிக் ஒரு கீச்சொலி கேட்டால் பெடலின் ஸ்பிரிங் மாட்டும் இடத்திலும் கீலிலும் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசுக்காகி தூசி சேரும். கீச்சொலி கிக்கோடு சேராமல் உடம்பு திரும்பும்போது வந்தால் அது ஸ்டூல்.

## குறை 12: கை வலிக்கிறது, அது பதிவிலும் தெரிகிறது

பாட்டின் பின்பாதியில் ஸ்னேர் பலம் குறைந்துகொண்டே போகும். ஸ்டூல் உயரம், ஸ்னேர் உயரம், பிடியின் இறுக்கம் என்ற வரிசையில் பாருங்கள். தசை களைப்பு ஒரு நாளில் ஆறும். மணிக்கட்டில் குத்தும் வலி, விரல் மரத்துப்போவது, ஓய்வெடுத்தும் ஒரு வாரம் நீடிக்கும் வலி இவையெல்லாம் பயிற்சியால் தீராது. வாசிப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடமோ பிசியோதெரபிஸ்டிடமோ காட்டுங்கள்.

## குறை 13: கருத்துக் கேட்டால் "சூப்பர்" மட்டும்தான் வருகிறது

இதுவும் பிழைதான், காரணம் அனுப்பிய விதத்தில்.

நான்கு நிமிடப் பாட்டை முழுதாக அனுப்பினால் யாரும் கூர்ந்து கேட்க மாட்டார்கள். 40 வினாடி வெட்டி அனுப்புங்கள்: எட்டு பார் பீட், ஒரு ரோல், அதன்பின் நான்கு பார். ரோலுக்குப் பின் வரும் அந்த நான்கு பாரில்தான் தெரிந்தவர் காது வைப்பார். எதிரொலி, ஃபில்டர் எதுவும் சேர்க்காத பதிவாக இருக்கட்டும். வீடியோ என்றால் இரண்டு கையும் வலது காலும் தெரியும்படி பக்கவாட்டில் எடுங்கள். முகம் தெரிய வேண்டிய அவசியமில்லை.

கேள்வியை மாற்றுங்கள். "எப்படி இருக்கு அண்ணா?" என்றால் "சூப்பர் தம்பி"தான் பதில். "80ல் ஆரம்பித்தேன், ரோலுக்கு அப்புறம் 85க்குப் போகுது, டாமுக்கு மாறும்போது கை எங்கே தப்பு பண்ணுது அண்ணா?" என்று கேட்டால் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

யாரிடம் கேட்கிறோம் என்பதும் முக்கியம். பாட்டுப் பாடும் நண்பரிடம் சத்தமும் வேகமும் பற்றிக் கேளுங்கள். பேஸ் கிடார் வாசிப்பவரிடம் கிக் எங்கே விழுகிறது என்று கேளுங்கள், மற்ற எல்லோரையும்விட அவருக்குத்தான் அது உறுத்தும். சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ பல வருடம் வாசிக்கும் அண்ணன் ஒருவர் தெரிந்தால் கையையும் காலையும் அவரிடம் காட்டுங்கள்.

இரண்டு பேர் எதிர் எதிராகச் சொன்னால் தாளில் உள்ள எண்ணைப் பாருங்கள். ஒரே குறையை மூன்று பேர் தனித்தனியாகச் சொல்லி, நீங்களும் ஒரு மாதம் முயன்று, மறுபதிவிலும் அது அப்படியே இருந்தால் காசு கொடுத்து ஒரு வகுப்புக்குப் போங்கள். மாதக் கட்டணம் கட்டிச் சேர வேண்டியதில்லை. பழைய பதிவு, புதிய பதிவு, அளந்த தாள் மூன்றையும் கொண்டுபோய் "இந்த ஒரு பாரை மட்டும் பார்த்துச் சொல்லுங்க சார்" என்று ஒரு மணி நேரம் கேளுங்கள்.